எலிகளுக்குச் சப்பாத்தி கொடுத்த டாக்டர்

மேட்டுப்பாளையத்தில் மலை ரெயில் ஏறினால் குன்னூர். அங்கே ஒரு காலத்தில் ஏராளமான எலிகள் ராஜபோகமாக வாழ்ந்தன. தினமும் முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளை கட்டிய கடலை, பச்சைக் காய்கறி. வாரத்தில் ஒரு நாள் கறி! கூண்டுக்கும் வைக்கோல் படுக்கைக்கும் வெயில் காட்டுவார்கள். மனிதனுக்கே கிடைக்காத உபசாரம்!

அந்த எலிகளை வளர்த்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். பெயர் ராபர்ட் மெக்காரிசன். நெஞ்சில் கட்டும் நோய்க்கும் வயிற்றுக்குள் போகும் சோற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று எடுத்துக் காட்டியவர்களில் முன்னோடி.

மெக்காரிசன் 1878-ல் அயர்லாந்தில் போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். பெல்பாஸ்டில் டாக்டர் படிப்பை முடித்தார். 1901-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அன்று அவருக்கு 23-வது பிறந்த நாள்.

முதலில் வேலை பார்த்தது வடமேற்கு எல்லையில். கில்கிட் மலைப்பகுதியில் மட்டும் 7 ஆண்டுகள். அங்கே கழுத்துக்கழலை நோய் அதிகம். அசுத்தத் தண்ணீரில்தான் காரணம் இருக்கிறது என்று சந்தேகித்தார். அந்தத் தண்ணீரை வடிகட்டினால் தங்கும் வண்டலைத் தானே குடித்துப் பார்த்தார். கழுத்து வீங்கியது! பக்கத்திலேயே ஹூன்சா மக்கள் இருந்தார்கள். கோதுமை, காய்கறி, பழம், பால் என்று எளிய சாப்பாடு. ஆனால் நோய் நொடி குறைவு. இது டாக்டரின் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

ஒரே ஓர் அறை

1918-ல் குன்னூருக்கு வந்தார். பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறை கொடுத்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்பவர்களைத் தாக்கிய பெரிபெரி நோயை ஆராய்வதுதான் வேலை.

1923-ல் இடி விழுந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று சர்க்கார் அந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது! நோயாளிகளின் எண்ணிக்கையை யாரும் நிறுத்தவில்லை. ஆராய்ச்சியை மட்டும் நிறுத்தினார்கள். 2 ஆண்டுகள் வீணாயின. 1925-ல் மறுபடியும் தொடங்கினார்கள். 1928-ல் அது உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. மெக்காரிசன்தான் முதல் டைரக்டர்.

இந்தக் காலத்தில் கோவைக்கும் அவருக்கும் தொடர்பு ஏற்பட்டது. கோவையில் இருந்த சர்க்கார் விவசாய ரசாயன நிபுணர் விஸ்வநாத்துடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். மாட்டு எருவிட்ட நிலத்தில் விளைந்த தானியத்தையும், ரசாயன உரமிட்ட நிலத்தில் விளைந்ததையும் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எருவில் விளைந்ததற்கே சத்து அதிகம் என்று 1927-ல் எழுதினார்கள். அந்த முடிவை எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

எலி காட்டிய உண்மை

அவருக்குப் புகழ் தேடித் தந்த சோதனை இதுதான். ஒரே வயது, ஒரே எடையுள்ள எலிக்குஞ்சுகளைப் பிரித்து வைத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. ஒரு கூட்டத்துக்கு மராத்தியர் சாப்பாடு. ஒரு கூட்டத்துக்கு வங்காளிச் சாப்பாடு. இன்னொன்றுக்கு நம் சென்னை ராஜதானி ஏழையின் அரிசிச் சோறு. கூண்டு, சுத்தம் எல்லாம் ஒன்றே. மாறியது சாப்பாடு மட்டுந்தான்.

சீக்கியர் சாப்பாடு தின்ற எலியின் சராசரி எடை 235 கிராம். நம் சோற்றைத் தின்றது 155 கிராம்! கம்பும் ராகியும் தின்ற கொங்கு நாட்டுக் குடியானவரின் சாப்பாட்டை அவர் தனியாகச் சோதித்திருந்தால் இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

எடை போனால் போகட்டும். உயிர் அல்லவா முக்கியம்! நல்ல சாப்பாடு தின்ற எலிகளை 2 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார். நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. குஞ்சுச் சாவும் அநேகமாக இல்லை. மட்டமான சாப்பாடு தின்றவற்றை அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் நிமோனியா, மூக்கில் சீழ், காதில் சீழ். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட தேநீர், ஜாம் என்று இங்கிலாந்து ஏழையின் சாப்பாட்டையும் சில எலிகளுக்குப் போட்டார். அவற்றையும் நுரையீரல் நோய் வாட்டியது. போதாக்குறைக்கு, பலமுள்ள எலி பலமற்றதைக் கொன்று தின்றது!

கிருமி எங்கும் இருக்கிறது. சத்துக் குறைந்த உடம்பில்தான் அது குடியேறுகிறது என்பது மெக்காரிசனின் முடிவு. முக்கியமாக வைட்டமின் 'ஏ' குறைவைச் சொன்னார். வெயில் பட்டால் தோலில் உண்டாகும் வைட்டமின் 'டி'யை அப்போதுதான் விஞ்ஞானிகள் அறியத் தொடங்கியிருந்தார்கள். எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது மருந்து என்பதே அன்று பெரிய செய்தி.

அது சளிக் காய்ச்சலையும் தடுக்குமா? இன்றும் வழக்கு தீரவில்லை. மகாராஷ்டிரத்தில் இந்தாப்பூரில் 5 வயதுக்கு உட்பட்ட 150 குழந்தைகளைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான நுரையீரல் நோயுடன் வந்த குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் 'டி' குறைவாக இருந்தது. வெயில் கொளுத்தும் நாட்டில் இந்த நிலை! தினமும் சிறிது கொடுத்தால் பயன் உண்டு, அதிகம் குறைந்தவர்களுக்கு நல்ல பயன் என்று 2017-ல் 25 சோதனைகளைத் தொகுத்துச் சொன்னார்கள். 2025-ல் இன்னும் அதிகமான சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பயன் உறுதிப்படவில்லை. ஒரு சத்தை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுப்பது வேறு, முழுச் சாப்பாடு வேறு. குன்னூர் எலிகள் தின்றது முழுச் சாப்பாடு.

மெக்காரிசனுக்கு 1933-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்பினார். மறு ஆண்டு லண்டனில் இந்த எலிகளைப் பற்றித் தொடர்ந்து சொற்பொழிவு செய்தார். 1958-ல் குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1960 மே 18-ந் தேதி, 82-வது வயதில், ஆக்ஸ்போர்டில் மெக்காரிசன் காலமானார்.