மொண்டிசோரி அம்மையார்

கல்முனையிலும் அதனை அடுத்த ஊர்களிலும், காலைப் பொழுதில் பாலர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் தாய்மாரை எங்கே பயணம் என்று கேட்டால், மொண்டிசோரிக்கு என்று விடை வரும். அச்சொல் ஒரு பெண்மணியின் பெயர் என்பதைப் பலர் அறியார். அண்மையில் ஒருநாள் என் பேரன் சிரட்டையிலே களிமண்ணை அடைத்து அப்பம் சுட்டுக்கொண்டிருந்தான். எழுத்துப் பாடம் கிடக்க மண்ணை அளைகிறானே என்று என் மகள் கடிந்துகொண்டாள். அதைக் கேட்டபோதுதான் அப்பெண்மணியின் சரித்திரத்தைச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் திகதி இத்தாலியிலே கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896இல் உரோமாபுரியிலே மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடையே பணிபுரிந்தபோது, அவர்களுக்கு வேண்டியது மருந்தன்று, கைகளுக்கு வேலை தரும் கல்வியே என்று கண்டார்.

1898இல் அவருக்கு மணவாழ்வின் புறத்தே ஒரு மகன் பிறந்தான். மாரியோ என்று பெயர். உலகம் அதனைப் பொறுக்கும் காலமன்று அது. குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இல்லம் அமைத்த கைகள், தம் பிள்ளையை அணைக்க ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தன.

1907 ஜனவரி 6ஆம் திகதி, கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதைக் கிறிஸ்தவர் நினைவுகூரும் திருநாளன்று, சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் அவருடைய முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துத் திரிந்த சிறுவர்களே அதன் மாணவர்.

அங்கே களிமண்ணுக்கும் இடமிருந்தது. ரந்தோனே என்னும் கலைஞர் உரோமாபுரியில் நடத்திய பள்ளியிற் கண்ட குயவுத்தொழிலை அம்மையார் தம் பாலரிடம் கொண்டுவந்தார். பிள்ளைகள் சிறு கலயங்கள் வனைந்தனர். சின்னஞ்சிறு செங்கற்களை அறுத்துச் சுட்டு, அவற்றால் சுவர் எழுப்பினர். அம்மையாருக்கு முன்னரே, போதகர் ஒருவரின் மைந்தராகிய ஜெர்மானியர் புரோபெல், தம் குழந்தைப் பூங்காவிலே மண் பிசைதலை ஒரு பயிற்சியாக வைத்திருந்தார். ஆதி மனிதன் மண்ணாற் படைக்கப்பட்டான் என்பது கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களாகிய நமக்கும் பொதுவான நம்பிக்கையன்றோ! பிள்ளை மண்ணைத் தொடுவதில் இழிவு எங்கே இருக்கிறது?

அம்மையார் கத்தோலிக்கர். பார்சலோனாவில் அவருடைய முறை சமயக் கல்விக்கும் சென்றது. அங்கே பிள்ளைகள் கோதுமையும் திராட்சையும் பயிரிட்டு, திருப்பலியின் அப்பத்துக்கும் இரசத்துக்கும் மூலமானவற்றைத் தம் கைகளாலேயே விளைவித்தனர். வேதத்தையும் கைவழியே மனத்துக்குச் செலுத்தலாம் என்பது அவர் துணிபு.

முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டு, 1934இல் தாய்நாட்டை விட்டு நீங்கினார். 1939இல் பிரமஞான சபையார் அழைக்க, மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. முதுமையில் மீண்டும் ஒரு பிரிவு! ஆயினும் 1940 ஆகஸ்டு 31இல், அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளன்று, மகன் விடுவிக்கப்பட்டான். அவர் பெற்ற பரிசுகளில் இதனினும் பெரியது ஒன்று உண்டென்று நான் நினைக்கவில்லை.

பின்னர்க் கோடைக்கானலில் வாழ்ந்து, 1944இல் நம் இலங்கைக்கும் வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தார். 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்திலே உயிர் நீத்தார்.

அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்து, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து அழவைக்கும் இடங்களும் இன்று உண்டு. பெயர் இருக்கிறது, மண் இல்லை. இவற்றையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். அவள் மறுமொழி கூறவில்லை. கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டு, விளையாடி முடித்தபின் கைகழுவி வருமாறு பேரனிடம் சொல்லிப் போனாள்.