தற்செயலுக்கு எதிராக ஒரு வழக்கு

எண்களைக் காட்டி வாதிப்போர் பெருகிவிட்டனர். ஒரு பலனைக் கண்ட மாத்திரத்தில் அதற்குக் காரணம் கற்பிக்கிறோம். அது தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடாதோ என்று கேட்பவர் சிலரே. அக்கேள்விக்கு ஒழுங்கான முறை வகுத்த ரொனால்டு ஃபிஷரின் சரித்திரம் பொது ஊழியர் யாவரும் அறியத்தக்கது.

1890-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி லண்டனில் பிறந்த அவருக்கு இளமை முதலே கண்பார்வை குறைவு. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1919-ல் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். அங்கு 1843 முதல் குறித்து வைத்த விளைச்சல் கணக்குகள் குவிந்து கிடந்தன. மகசூல் மிகுந்தது எருவினாலா, மழையினாலா, மண்ணினாலா என்று பிரித்தறிவதே அவர் தொழிலாயிற்று.

1935-ல் வெளியிட்ட நூலில் அவர் தேநீரை உதாரணமாகக் கொண்டார். கோப்பையில் முதலில் விட்டது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே அறிவதாகக் கூறுகிறார் ஓர் அம்மையார். நான்கு கோப்பைகளில் பாலையும் நான்கில் தேநீரையும் முதலில் விட்டு, சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்தி அவரிடம் கொடுக்க வேண்டும். நான்கு நான்கு என்பது அவருக்கும் தெரியும். அத்திறமை அவருக்குச் சிறிதும் இல்லை என்றே முதலில் வைத்துக் கொள்கிறோம். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகப் பிரிப்பது 70-ல் ஒரு முறையே நேரும். ஆகவே அவர் வென்றால் கருதுகோளைத் தள்ளலாம். ஒரு ஜோடி மாறிப்போயின், அத்தகைய பலனோ அதனினும் மேலானதோ 70-ல் 17 முறை தற்செயலாகவே வரும், தள்ள இடமில்லை. அதனால் திறமையே இல்லையென்று ருசுவாகி விடாது. சாட்சியம் போதாமல் விடுதலையானவன் நிரபராதி என்று நிரூபணமாகி விடுகிறானா?

1938-ல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மகாநாட்டுக்கு ஃபிஷர் தலைமை வகித்தார். 1952-ல் ஸர் பட்டம் பெற்றார்.

அவரது அந்திமக் காலத்தில் ஒரு சோதனை வந்தது. புகைப்போருக்கே நுரையீரல் புற்றுநோய் மிகுதி என்று 1950-ல் டால், ஹில் என்னும் இருவர் காட்டினர். தற்செயல் என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. ஆனால் மனிதரைச் சீட்டுக் குலுக்கிப் புகைக்க வைக்க இயலாதாகையால், பரம்பரைக் கூறு ஒன்றே பழக்கத்தையும் நோயையும் விளைவிக்கலாம் என்று 1957 முதல் ஃபிஷர் வாதித்தார். புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார். கேள்வி நியாயமானதே, எனினும் சான்றுகள் மேன்மேலும் வந்தும் அவர் அசையவில்லை. 1962 ஜூலை 29-ந் தேதி அடிலெய்டில் காலமானார்.

அவர் வகுத்த முறையை உலகம் கைக்கொண்டது. புகையிலைக்காக அவர் தொடுத்த வாதத்தைக் கைவிட்டது. எதிர்க்கட்சியாரின் கணக்கை எத்துணைக் கடுமையாகச் சோதிக்கிறோமோ, அத்துணைக் கடுமையாக நமது கணக்கையும் சோதிப்போமாக.