பெயரை மறந்த பிள்ளையை மறவாத இறைவன்



உங்கள் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று யாராவது கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஞானஸ்நானத் தொட்டியருகே குருவானவர் சொன்ன பெயரையும், அம்மா அடுப்படியில் நின்று கூப்பிட்ட செல்லப் பெயரையும் யார்தான் மறப்பார்? ஆனால் பெற்றோர் தனக்கு இட்ட பெயரை அடியோடு மறந்து, சாகும்வரை அதை மீண்டும் அறியாமலே வாழ்ந்த ஒரு பெண்ணைத் திருச்சபை இன்று பீடத்தில் ஏற்றி வணக்கஞ் செலுத்துகின்றது. அவரே புனித ஜோசப்பின் பக்கீத்தா. நமது தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கும் இறைவன் நம்மை ஒவ்வொருவராக அறிகிறார் என்று ஞானோபதேச வகுப்பிலே படித்திருக்கிறோம். அந்தப் படிப்பினையை உரசிப் பார்க்க இவருடைய வாழ்க்கையைப் போன்ற உரைகல் கிடைப்பது அரிது.

சூடான் நாட்டின் மேற்கே, டார்பூர்ப் பகுதியில், ஒல்கோசா என்னும் சிற்றூரிலே 1869ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தகப்பனார் ஊரில் மதிப்புள்ளவர். உடன்பிறந்தோர் பலர். குறைவொன்றும் இல்லாத, அன்பு நிறைந்த குடும்பம் அது. ஏறக்குறைய எட்டு வயதாயிருக்கும்போது, ஒரு நாள், தோழி ஒருத்தியுடன் வயற்புறத்தில் உலாவிக்கொண்டிருந்தாள் சிறுமி. அந்நியர் இருவர் வந்தனர். தோழியை அப்பால் அனுப்பிவிட்டு, இவளைக் கத்தியைக் காட்டி மிரட்டி இழுத்துச் சென்றனர். வாய்விட்டு அழவும் முடியாதபடி பயம் அவள் தொண்டையை அடைத்துவிட்டது. பெயர் என்ன என்று கேட்டபோது, அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. கடத்தியவர்களே அவளுக்கு ஒரு பெயரை இட்டனர். பக்கீத்தா என்றார்கள். அரபு மொழியில் அதற்கு அதிர்ஷ்டசாலி என்று பொருள். பெற்ற தாயை இழந்து நடுங்கி நின்ற பிள்ளைக்கு இதைவிடக் கொடிய பரிகாசம் வேறென்ன உண்டு?

ஒரு மாதம் வரையில் இருண்ட சிற்றறை ஒன்றில் அவளைப் பூட்டி வைத்தார்கள். பின்னர் அடிமை வியாபாரியிடம் விற்றார்கள். மற்றோரு சிறுமியுடன் தப்பியோடிக் காட்டிலே இரவைக் கழித்தும் பார்த்தாள். மீண்டும் பிடிபட்டாள். எல்-ஒபெய்த் சந்தையிலும் கார்ட்டூம் சந்தையிலும் பலமுறை கைமாறினாள். ஒரு வீட்டில் பூச்சாடி உடைந்த குற்றத்துக்காக எசமானின் மகன் அவளை அடித்த அடியில் ஒரு மாதத்திற்கு மேல் பாயை விட்டு எழும்பவில்லை. பின்பு துருக்கியத் தளபதி ஒருவரின் வீட்டில், அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் பணிவிடை செய்யும் வேலை. கசையடி இல்லாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. அங்கேதான் அவளுடைய உடலில் மாவினால் கோடுகள் வரைந்து, சவரக் கத்தியால் 114 இடங்களில் கீறி, ஆறாத வடுவாக வேண்டுமென்று காயங்களில் உப்பைத் தேய்த்தார்கள். அவள் தங்கள் உடைமை என்பதற்கு அடையாளம் வேண்டுமாம்!

வாசகரே, இந்த இடத்தில் உங்கள் மனத்தில் எழும் கேள்வியை நான் அறிவேன். அப்பொழுது இறைவன் எங்கே இருந்தார்? சிட்டுக்குருவியையும் மறவாதவர் இந்தப் பிள்ளையை மறந்துவிட்டாரா? இதற்குச் சுலபமான விடை கூறி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அந்தக் கொடுமையை இறைவன் விரும்பினார் என்று ஒருவரும் சொல்லத் துணிய வேண்டாம். அது மனிதர் செய்த பாவம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிறிஸ்துவின் பெயரைக் கூடக் கேள்விப்படாத அந்தச் சிறுமி, சூரியனையும் சந்திரனையும் விண்மீன்களையும் பார்க்கும்போதெல்லாம், இந்த அழகான பொருட்களுக்கெல்லாம் எசமான் யாராயிருக்கக் கூடும் என்று தனக்குள்ளே கேட்டுக்கொள்வாள். அவரைக் காணவும் அறியவும் வணங்கவும் அவளுக்குப் பேராவல் உண்டாகும். அவளை விலைக்கு வாங்கிய எசமான்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அறியவில்லை. இந்த எசமானையோ அவள் இன்னும் அறியவில்லை. ஆனால் அவர் அவளை அறிந்திருந்தார். இல்லாவிட்டால் அந்தத் தாகத்தை அந்த உள்ளத்தில் வைத்தவர் யார்?

1883ஆம் ஆண்டில் கார்ட்டூமிலிருந்த இத்தாலியத் துணைத்தூதர் காலிஸ்தோ லெஞ்ஞானி அவளை விலைக்கு வாங்கினார். அந்த வீட்டிலே முதன்முறையாக அவள்மேல் சவுக்கு விழவில்லை. அரசியற் குழப்பத்தால் அவர் நாடு திரும்ப நேர்ந்தபோது, தன்னையும் கூட்டிச் செல்லுமாறு அவள் மன்றாடினாள். 1885இல் இத்தாலியை அடைந்ததும், லெஞ்ஞானி அவளை மிக்கியேலி என்னும் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கே மிம்மினா என்று செல்லமாக அழைக்கப்பட்ட பெண் குழந்தையை வளர்க்கும் ஆயாவானாள். அக்குடும்பத்தின் காணி பூமிகளை மேற்பார்த்துவந்த இலுமினாத்தோ கெக்கினி என்ற பக்தியுள்ள மனிதர் ஒருநாள் அவளிடம் சிறியதொரு வெள்ளிச் சிலுவையைக் கொடுத்தார். எசமானி பறித்துவிடுவாளோ என்று பயந்து அதை ஒளித்து வைத்து, தனிமையிலே எடுத்து எடுத்துப் பார்ப்பாள். தன்னைப் போலவே கசையால் அடிபட்டவர், தன்னைப் போலவே உடலெல்லாம் காயம்பட்டவர் ஒருவர் அந்தச் சிலுவையிலே தொங்குவதை அவள் கண்டாள்.

1888இல் மிக்கியேலி குடும்பத்தார் செங்கடற் கரையிலுள்ள சுவாக்கினில் தங்கள் ஹோட்டலைக் கவனிக்கச் சென்றபோது, குழந்தையையும் ஆயாவையும் வெனிஸ் நகரில் கனோசியன் கன்னியரிடம் ஒப்படைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தஞ் செய்வோருக்கென்று அக்கன்னியர் நடத்திய இல்லம் அது. அங்கேதான், குழந்தைப் பருவந் தொட்டுத் தன் உள்ளத்தில் உணர்ந்துவந்த அந்த எசமானின் பெயரை அவள் கேட்டறிந்தாள். அடுத்த ஆண்டில் எசமானி திரும்பி வந்து, இருவரையும் ஆபிரிக்காவுக்கு அழைத்துச் செல்ல முனைந்தபோது, என்றும் எதிர்த்துப் பேசியறியாத பக்கீத்தா வர மறுத்துவிட்டாள். தான் வளர்த்த குழந்தையைப் பிரிவது நெஞ்சைப் பிளந்தது. ஆயினும் அசையவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்பதில்லை, ஆகவே அவள் சுதந்திரப் பெண் என்று 1889 நவம்பர் 29ஆம் திகதி தீர்ப்பாயிற்று.

1890 ஜனவரி 9ஆம் திகதி அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஜோசப்பின், மார்கரெட் என்ற பெயர்களோடு, அதிர்ஷ்டசாலி என்று பொருள்படும் போர்த்துனாத்தா என்ற பெயரும் அவருக்கு இடப்பட்டது. கள்வர்கள் பரிகாசமாகச் சூட்டிய பெயரை இறைவன் மெய்யாக்கிவிட்டார்! பிற்காலத்தில் அந்த ஞானஸ்நானத் தொட்டியை அவர் முத்தமிட்டு, இங்கேதான் நான் கடவுளின் மகளானேன் என்று சொல்லுவதைப் பலர் கண்டிருக்கின்றனர்.

1896 டிசம்பர் 8ஆம் திகதி கனோசியன் சபையில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902இல் ஷியோ என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். பெரிய பதவி எதுவும் அவர் வகிக்கவில்லை. சமைத்தார், தைத்தார், சக்கிறீஸ்து வேலை பார்த்தார், வாசற் கதவு திறந்தார். வாசலில் நிற்கும் நாட்களில், பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் தலையில் மெல்லக் கைவைத்துத் தடவிக் கொடுப்பார். கறுப்பு அன்னை என்று ஊரே அவரை அன்போடு அழைத்தது. இறைவனைக் குறிப்பிட அவர் பயன்படுத்திய சொல், வெனிஸ் பகுதிப் பேச்சுமொழியில் எசமானைக் குறிக்கும் சொல்லே. பொல்லாத எசமான்கள் பலரைக் கண்டவர், கடைசியில் நல்ல எசமானைக் கண்டுகொண்டார். தன்னைக் கடத்தியவர்களைச் சந்தித்தால் முழந்தாளிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன், அது நடவாவிட்டால் நான் கிறிஸ்தவளாகியிருக்க மாட்டேனே என்று அவர் சொல்வதுண்டு. குற்றத்தை நியாயப்படுத்திய சொல் அல்ல அது. மன்னித்துவிட்ட உள்ளத்தின் சொல்.

ஆயினும் பழைய காயங்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. மரணப் படுக்கையிலே அந்த அடிமை நாட்களின் நினைவு திரும்பி வந்து, சங்கிலி பாரமாயிருக்கிறது, சற்றுத் தளர்த்திவிடுங்கள் என்று பணிவிடை செய்த கன்னியரிடம் கெஞ்சினார். புனிதர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு, வாசகரே. ஆனால் இறுதி நேரத்தில் தேவதாயை அழைத்தவண்ணமே அமைதியாகக் கண்ணை மூடினார். அன்று 1947 பெப்ரவரி 8. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992 மே 17இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2000 ஒக்டோபர் 1இல் புனிதர் பட்டமும் அளித்தார். 2015 முதல் அவரது திருநாளான பெப்ரவரி 8ஆம் திகதியை, ஆட்கடத்தலுக்கு எதிரான செப நாளாகத் திருச்சபை அனுசரித்து வருகின்றது.

தாய் இட்ட பெயர் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எந்த ஏட்டிலும் அது பதியப்படவில்லை. ஆனால் தாயின் உதரத்திலே அவரை உருவாக்கியவருக்கு அது தெரியும். 1947இல் அவர் ஷியோவிலே கண்மூடியபோது, அந்தப் பெயரைச் சொல்லியே நல்லாயன் அவரை வரவேற்றிருப்பார் என்று நினைக்கும்போது நம் கண்கள் கலங்குகின்றன அல்லவா?

ஆகவே, உங்கள் துன்பத்தை யாரும் அறியவில்லை என்று எண்ணி நீங்கள் சோர்ந்திருந்தால், இந்தப் புனிதையை நினைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு முற்றத்தைக் கூட்டுபவர், உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பவர், அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? அல்லது அவரும் உங்களுக்கு வெறும் வேலைக்காரிதானா? ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் இறைவனின் பிள்ளைகள் நாம் என்றால், அந்த அடையாளம் முதலில் நம் வீட்டுக்குள்ளே தெரிய வேண்டும். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், உங்கள் பிள்ளைகளின் தலையில் கைவைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆசீர்வதியுங்கள். பெயர் சொல்ல ஆளில்லாத பிள்ளைகளுக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.