சங்கிலி பிடித்து நாடளந்த லாம்டன் துரை

நமது காஜாங்கில் கடை கட்டும் கண்ட்ராக்டர்கள் பலர் இப்போது அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கைக்கு அடக்கமான லேசர் கருவியைச் சுவரோரம் வைத்து அமுக்குகிறார்கள். எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்த மாத்திரத்தில் இத்தனை மீட்டர் என்று எண் தெரிகிறது. ஒளி போய்த் திரும்புவதைக் கொண்டு தூரத்தைச் சொல்லும் வித்தை இது. முதல் லேசர் உண்டானது 1960-ல்தான். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே நமது தாயகத்தில் மைல் கணக்கான தூரத்தை அங்குல சுத்தமாக அளக்க முனைந்த ஒருவரின் சரித்திரத்தை வியாபாரச் சகோதரர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

வில்லியம் லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து, அமெரிக்கப் போரில் 1781-ல் கைதியானார். பிறகு கனடாப் பக்கம் பல வருஷம் இருந்து இந்தியா வந்தார். 1799-ல் திப்பு சுல்தான் ஷஹீதான ஸ்ரீரங்கப்பட்டினச் சண்டையில் எதிர்ப்படையில் இருந்தவர் இவர். நாட்டை அளந்ததும் கும்பினி ஆட்சிக்கு உதவியாகத்தான். ஆகவே அவர்மேல் நமக்குப் பிரியம் வரக் காரணமில்லை. ஆயினும் அளவில் அவர் காட்டிய நேர்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

1802 ஏப்ரல் 10-ந் தேதி, சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதற்கும் ஒரு கதையுண்டு. 1793-ல் ஆங்கிலத் தூதர் சீன மன்னருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய், மன்னர் வேண்டாமென்றதால் இந்தியா வந்து விலைபோன சரக்கு அது! வெயிலில் எஃகு நீளும் அல்லவா? எனவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, உஷ்ணமானி வைத்து, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார். வேறொரு சங்கிலியைப் படிக்கல் போலத் தனியே வைத்து ஒத்துப் பார்த்தார். இப்படி ஏறக்குறைய 400 தடவை சங்கிலியைப் போட்டு மே 22-ல் வேலை முடிந்தது.

அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே வந்துவிடும். கோணம் பார்க்க அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கருவி இங்கிலாந்திலிருந்து வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டனர். கருவி இன்னதென்று தெரிந்ததும் சென்னைக்கு அனுப்பி வைத்தது அவர்களின் பெருந்தன்மை. குன்றிலிருந்து குன்றுக்குக் கோணம் பார்த்துப் பெங்களூர் வரை சென்ற லாம்டன், அங்கே 1804-ல் மறுபடி ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்கச் செய்தார். ஏழு மைலில் கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு. மேற்குக் கரை வரை அளந்தபோது தீபகற்பத்தின் அகலம் பழைய படத்தில் இருந்ததைவிட 40 மைல் குறைந்தது. கும்பினியாருக்கு அது நஷ்டக் கணக்காகத் தோன்றியிருக்கும்!

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்தது. வேறு யாராயினும் அத்தோடு மூட்டை கட்டியிருப்பர். லாம்டனோ கூடாரத்துக்குள் புகுந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து, ஆறு வாரத்தில் அதைப் பழைய உருவுக்குக் கொண்டு வந்தார். அதே கருவியுடன் தெற்கே குமரிமுனைப் பக்கமும் வடக்கே தக்காணமும் அளந்தார்.

1823 ஜனவரியில், நாகபுரி போகும் வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில், வேலையின் நடுவிலேயே காலமானார். கபுரும் அங்கேயே. அவரிடம் உதவியாளராக இருந்த எவரெஸ்ட் துரை வேலையைத் தொடர்ந்தார். உலகின் உயர்ந்த சிகரம் பிற்பாடு அந்த எவரெஸ்ட் பெயரைப் பெற்றது. லாம்டன் பெயரில் மலையில்லை. சங்கிலி சுமந்தவர்கள், கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

ஒருவர் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுசைன் என்பவர் எவரெஸ்ட் துரையின் அளவுக் கருவிகளைப் பிரித்துச் சீர்செய்த நிபுணர். ஆங்கிலேயர் பாரோ விலகிய பின், அவர் வகித்த கருவிப் பணியாளர் பதவி 1843-ல் இவருக்குக் கிடைத்தது. சம்பளம் மட்டும் பாரோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.