மாதுளை நிறச் சட்டை

தபால்தலை, பழைய நாணயம், தீப்பெட்டிப் படம் என்று எதையாவது சேர்க்கும் பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். ஐரோப்பாவில் பழைய கால்பந்துச் சட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சாயம் வெளுத்த சட்டை, முழங்கையில் தையல் போட்ட சட்டை, ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சட்டை எல்லாவற்றுக்கும் அவர்களிடம் மதிப்பு உண்டு.

இத்தாலியில் அப்படித் தேடப்படும் சட்டைகளில் ஒன்று, டூரின் நகரத்து டொரினோ கிளப் 1940-களில் அணிந்தது. மாதுளை முத்தைப் போன்ற கருஞ்சிவப்பு நிறம். முதுகில் 10 என்ற எண். அதைப் போட்டு ஆடியவர் பெயர் வலெண்டினோ மட்சோலா. முதலில் அவர் கதையைக் கேளுங்கள். ஒரு பழைய துணியை ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பது பிறகு புரியும்.

உலக வரைபடத்தில் இத்தாலியைப் பார்த்திருக்கிறீர்களா? பூட்ஸ் போட்ட கால் மாதிரி இருக்கும். அந்தப் பூட்ஸின் மேல் பகுதியில் மிலன் நகரம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அத்தா என்ற ஆற்றின் கரையில் கசானோ தத்தா என்று ஓர் ஊர். அங்கே 1919 ஜனவரி 26 அன்று வலெண்டினோ பிறந்தார். ஏழைக் குடும்பம். பந்து வாங்கக் காசு ஏது? தெருவில் கிடக்கும் தகர டப்பாக்களை உதைத்துக்கொண்டே போவான் பையன். அதனால் ஊரார் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'டுலென்'. அவர்கள் பேச்சு வழக்கில் தகரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஒரு நாள் தன்னைவிட நான்கு வயது சிறிய பையன் ஒருவன் ஆற்றில் மூழ்குவதை வலெண்டினோ பார்த்தான். கரையில் நின்று கத்திக்கொண்டிருக்கவில்லை. குதித்து இழுத்து வந்துவிட்டான். பிழைத்த பையன் பெயர் ஆந்திரேயா போனோமி. அவனும் பெரியவனாகிக் கால்பந்து ஆடினான். மிலன் அணிக்கே கேப்டன் ஆனான்! ஒரே சிற்றூரில் இரண்டு கேப்டன்கள். அதில் ஒருவரைக் காப்பாற்றியவர் இன்னொருவர்.

வலெண்டினோவின் படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. ரொட்டிக் கடையில் எடுபிடி வேலை, பிறகு நூல் ஆலையில் வேலை. நேரம் கிடைத்தபோதெல்லாம் பந்து. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மிலனில் ஆல்பா ரோமியோ கார் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். வேலையும் செய்யலாம், தொழிற்சாலை அணியில் ஆடவும் செய்யலாம். அடுத்து கடற்படைச் சேவைக்காக வெனிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே வெனிசியா கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. எட்ஸியோ லோயிக் என்ற நண்பரும் அங்கேதான் சேர்ந்தார். இருவரும் ஆடிய வெனிசியா 1941-இல் இத்தாலியக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே டொரினோ கிளப்பின் தலைவர் பெருச்சோ நோவோ இருவரையும் சேர்த்தே தன் அணிக்கு வாங்கிவிட்டார்.

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1943-இல் டொரினோ இத்தாலியின் சாம்பியன். அதன்பின் போரினால் இரண்டு ஆண்டுகள் வழக்கமான லீக் நடக்கவில்லை. மீண்டும் தொடங்கியதும் 1946, 1947, 1948, 1949 என்று வரிசையாக டொரினோதான் சாம்பியன். 1946-47 பருவத்தில் மட்சோலா 29 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அடுத்த பருவத்தில் அணி மொத்தமும் 40 ஆட்டங்களில் 125 கோல் அடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆட்டத்துக்கு மூன்றுக்கும் மேல் வரும்! 1947 மே 11 அன்று இத்தாலி ஹங்கேரியுடன் மோதியபோது களத்தில் இறங்கிய இத்தாலியர் 11 பேரில் 10 பேர் டொரினோ ஆட்டக்காரர்கள். இத்தாலி 3-2 என்று வென்றது. ஹங்கேரி அணியில் அன்று ஆடிய புஷ்காஸ் என்ற இளைஞரின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவார்.

எண்களை விடுங்கள். மட்சோலாவைப் பற்றிச் சொல்லும்போது டூரின் மக்கள் முதலில் சொல்வது சட்டைக் கையைப் பற்றித்தான். டொரினோவின் சொந்த மைதானத்துக்குப் பிலடெல்பியா என்று பெயர். அங்கே ஆட்டம் பார்க்க போல்மிதா என்ற ரயில்வே ஊழியர் ஓர் ஊதுகொம்புடன் வருவார். அணி தடுமாறும் நேரத்தில் எழுந்து நின்று ஊதுவார். உடனே கேப்டன் மட்சோலா தன் நீளக் கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொள்வார். அவ்வளவுதான்! மற்ற பத்துப் பேருக்கும் வேறு சொல் வேண்டாம். அடுத்த கால் மணி நேரம் எதிரணிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இதற்கு 'மாதுளை நிறக் கால் மணி நேரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், கத்தாமல் கையைச் சுருட்டுகிற கேப்டன்தான் நல்ல கேப்டன்.

1949 வசந்த காலம். லீக்கில் நான்கே ஆட்டங்கள் பாக்கி. டொரினோ முன்னணியில் இருந்தது. போர்ச்சுகலின் பென்பிக்கா கிளப் கேப்டன் பிரான்சிஸ்கோ பெரேரா மட்சோலாவின் நண்பர். அவரைச் சிறப்பிக்க லிஸ்பன் நகரில் ஒரு நட்பு ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. தன் அணியோடு வருவதாக மட்சோலா வாக்குக் கொடுத்திருந்தார். புறப்படும் முன் அவருக்கு உடம்பு சரியில்லை. அதற்கு முந்தைய லீக் ஆட்டத்தில்கூட அவர் ஆடவில்லை. ஆனாலும் கிளம்பினார். மே 3 அன்று நடந்த ஆட்டத்தில் பென்பிக்கா 4-3 என்று வென்றது.

மறுநாள் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். டூரின் வானத்தில் மழையும் அடர்ந்த மேகமும். ஊருக்கு அருகே சூப்பர்கா என்ற குன்று. அதன் உச்சியில் ஒரு பெரிய தேவாலயம். மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின், அந்தத் தேவாலயத்தின் பின்பக்க மதிலில் விமானம் மோதியது. விமானத்தில் இருந்த 31 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் 18 பேர் ஆட்டக்காரர்கள். மட்சோலாவுக்கு அப்போது வயது 30. இத்தாலிக்கு இரண்டு உலகக் கோப்பைகளை வென்று கொடுத்த பயிற்சியாளர் விட்டோரியோ போட்சோ, தான் வளர்த்த பிள்ளைகளைத் தானே அடையாளம் காட்ட நேர்ந்தது. மே 6 அன்று இறுதி ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள்.

பாக்கியிருந்த நான்கு ஆட்டங்கள்? டொரினோ தன் இளைஞர் அணியை அனுப்பியது. எதிரே வந்த கிளப்புகளும் மரியாதையாகத் தங்கள் இளைஞர் அணிகளையே இறக்கின. நான்கிலும் டொரினோ பிள்ளைகள் வென்றார்கள். சாம்பியன் பட்டம் போனவர்களுக்கே உரியதாயிற்று.

சட்டைக் கதை இங்கேதான் தொடங்குகிறது. பிரேசில் நாட்டுக் கொரிந்தியன்ஸ் அணி அந்த வாரமே மாதுளை நிறச் சட்டை அணிந்து ஓர் ஆட்டம் ஆடியது. முந்திய ஆண்டு தங்கள் ஊருக்கு வந்து ஆடியவர்களுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. மே 26 அன்று அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணி கடல் தாண்டி டூரினுக்கே வந்தது, இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஆட! எதிர்த்து ஆட டொரினோவில் யார் இருக்கிறார்கள்? மற்ற இத்தாலியக் கிளப்புகளின் நட்சத்திரங்கள் அன்று டொரினோ சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரே ஊரில் பரம எதிரியான யுவெண்டஸ் ஆட்டக்காரரும் அதை அணிந்தார். ஆட்டம் 2-2.

மட்சோலா காலத்துச் சட்டைகள் கிடைப்பது மிகவும் அரிது. அந்தச் சட்டைகளில் ஆட்டக்காரர் பெயர் கிடையாது. இத்தாலிய லீக்கில் அது வந்ததே 1995-இல்தான். விளம்பரமும் கிடையாது; அது 1981-இல் வந்தது. கிழியும் வரை போட்டார்கள், கிழிந்தால் தைத்தார்கள். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் தையலைப் பார்ப்பார்கள், துணியைத் தடவிப் பார்ப்பார்கள், எண்ணைத் தைத்திருக்கும் விதத்தைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிடுவார்கள். போலிகளும் உலவும் உலகம் அது. பெரிய விலைக்கு வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தவர்கள் டொரினோ ரசிகர்கள் சிலர். பிலடெல்பியா மைதானம் பாழடைந்து 1990-களின் இறுதியில் இடிக்கப்பட்டபோது கையில் கிடைத்ததையெல்லாம் அவர்கள் காப்பாற்றினார்கள். 2008 மே 4 அன்று டூரினை அடுத்த குருலியாஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். சட்டைகளோடு அந்த விமானத்தின் பாகங்களையும் அங்கே வைத்தார்கள்.

மட்சோலாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் சாண்ட்ரோ. அப்பாவோடு மைதானத்தில் பந்து உதைத்துத் திரிந்த குழந்தை. விபத்து நடந்தபோது அவருக்கு வயது ஆறு. இளையவருக்கு, கிளப் தலைவரின் பெயரான பெருச்சோ என்பதையே வைத்திருந்தார்கள். அப்பா இல்லாத அந்தப் பிள்ளைகளை இன்டர் மிலன் ஆட்டக்காரர் பெனிடோ லோரென்சி அக்கறையோடு பார்த்துக்கொண்டார். தன் கிளப்புக்கு அழைத்துப் போனார். சாண்ட்ரோவும் கால்பந்து ஆட்டக்காரர் ஆனார். எங்கே போனாலும் ஜனங்கள் அவர் ஆட்டத்தை அப்பாவின் ஆட்டத்தோடு ஒப்பிட்டார்கள். பாவம், எந்தப் பிள்ளைக்குத்தான் அது சுலபம்?

1964 மே 27, வியன்னா நகரம். ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். இன்டர் மிலன் 3-1 என்று ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியை வென்றது. அதில் இரண்டு கோல் சாண்ட்ரோ அடித்தவை. தோற்ற அணியில் புஷ்காஸ் இருந்தார். ஆம், 1947-இல் டூரினில் ஆடிய அதே ஹங்கேரிக்காரர். இப்போது 37 வயது, உலகப் புகழ் பெற்றவர். ஆட்டம் முடிந்ததும் அவர் சாண்ட்ரோவைத் தேடி வந்தார். உன் அப்பாவுக்கு எதிராக நான் ஆடியிருக்கிறேன், அவருக்கு நீ பெருமை சேர்த்துவிட்டாய் என்ற பொருளில் சொன்னார். பிறகு தன் வெள்ளைச் சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.