பொறிகளைப் பேச வைத்த கேரி கில்டால்

புகழ் பெற்ற அறிஞர் பலர். புகழிருந்தும் அதற்குரிய பயனைப் பிறர் கொள்ளக் கண்டவர் சிலர். அச்சிலருள் ஒருவர் கேரி கில்டால். பௌதிகம் பயிலும் மாணவன் நான். எனினும் அவர் வரலாறு என் உள்ளத்தைக் கவர்ந்தது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1942ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பிறந்தார் கில்டால். கப்பலோட்டும் கலையைக் கற்பிக்கும் பள்ளி நடத்திய குடும்பம் அது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972இல் டாக்டர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அந்நாளில் சிறு கணிப்பொறி ஒவ்வொன்றும் ஒரு தனித்தீவு. ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. இன்டெல் 8080 சில்லுக்காக 1974இல் சி.பி./எம். என்னும் இயக்கமுறையை ஆக்கினார் கில்டால். பின்னர், பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதியைப் பிரித்து, பயாஸ் என்னும் சிறு கூறில் அடக்கினார். அக்கூறை மட்டும் மாற்றினால் போதும். எஞ்சியவை அப்படியே ஓடும். எத்துணை எளிய எண்ணம்! எத்துணைப் பெரும் பயன்!

அதனுடன் வந்த சிறு நிரலே பிப். வட்டுக்கும் பிற கருவிகளுக்குமிடையே கோப்புகளைக் கொண்டு செல்வது அதன் தொழில். சிகாகோவின் வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் வகுத்த எக்ஸ்மோடம் முறையும் சி.பி./எம். தந்த பிள்ளையே. கோப்பை 128 பைட்டுத் துண்டுகளாக்கி அனுப்பும். பிழை நேரின் பெறும் பொறி மீண்டும் கேட்கும். அந்த 128, சி.பி./எம். வட்டில் எழுதும் அளவேயாம்.

பழம்பொறி சேர்க்கும் வங்காள நண்பர் ஒருவர் இல்லத்தில் இதனை நேரிற் கண்டேன். இரு பொறிகளை ஒரு கம்பியால் இணைத்தார். எக்ஸ்மோடம் நிரலின் எழுத்து வடிவைப் பிப் வாங்கி வைத்தது. லோட் அதனை ஓடும் நிரலாக்கிற்று. பின்னர்க் கோப்புகள் பிழையின்றி ஓடி வந்தன. அவர் தாய்மொழி வங்காளம். என் மொழி தமிழ். இருவரும் பொதுமொழியொன்றில் உரையாடினோம். அப்பொறிகளும் அவ்வாறே!

1980இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் கில்டாலை நாடி வந்தனர், உடன்பாடு ஏற்படவில்லை. மைக்ரோசாப்ட் தந்த டாஸ் முந்திக்கொண்டது. சி.பி./எம். அமைப்பை ஒட்டி எழுந்ததே அதுவும். ஐ.பி.எம். பொறிக்கு டாஸ் 40 டாலர், சி.பி./எம்.-86 வாங்க 240 டாலர். வாங்குவோர் எதை நாடுவர் என்று சொல்லவும் வேண்டுமோ? 1991இல் தம் நிறுவனத்தை நோவெல்லுக்கு விற்றார். 1994 ஜூலை 11இல், 52ஆம் அகவையில் மறைந்தார்.

2014இல் பசிபிக் குரோவ் நகரில் அவர் பணியாற்றிய இல்லத்தின்முன் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. 2022இல் சி.பி./எம். எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கதாயிற்று. சந்தையில் தோற்றவர் அறிவில் தோற்றவரல்லர். பட்டம் பெற்று வேலை தேடப் புறப்படும் நமக்கு, அன்பர்களே, இவ்வேறுபாடு விளங்கியிருத்தல் நன்று.