தமிழில் டாக்டர் படிப்பு சொல்லிக்கொடுத்த அமெரிக்கர்
டாக்டர் கிரீன் வாழ்க்கை வரலாறு

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே டாக்டர் படிப்பு சொல்லிக்கொடுத்தார் ஒருவர். இது நடந்து 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தமிழர் அல்ல, அமெரிக்கர். பெயர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

ஹேவ்லாக் தீவில் வாழும் தமிழர்கள் இவருடைய கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2018-ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட இந்தத் தீவில் வங்காளிகளே அதிகம். ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த தமிழர், கடைத்தெருவில் அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் கஷ்டம் தெரியும். வலி குத்துகிறதா, குடைகிறதா, சுண்டி இழுக்கிறதா என்பதை வேறு பாஷையில் சொல்ல வாய் வராது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு போடுவதா, பின்பா என்பதும் சரியாக விளங்காது. இன்னும் பெரிய வைத்தியம் வேண்டுமானால் கடல் தாண்டி, முன்பு போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்குப் போக வேண்டும். அங்கும் இதே பாஷைப் பிரச்சினை கூடவே வரும்.

நோயாளியும் வைத்தியரும் ஒரே பாஷையில் பேசவேண்டும் என்பதற்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்தான் கிரீன்.

வக்கீல் மகன்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உஸ்டர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே கிரீன் ஹில் என்ற பண்ணை வீட்டில் 1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி கிரீன் பிறந்தார். தகப்பனார் வக்கீல். 11 பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். கிரீனுக்கு இரண்டு வயது மூத்தவர் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் பூங்கா உருவாக உழைத்தவர்களில் இந்த அண்ணனும் ஒருவர்.

தம்பியும் நியூயார்க்கிலேயே படித்தார். 1845-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் நடத்தியிருந்தால் கைநிறையச் சம்பாதித்திருக்கலாம். அவர் மனம் அதில் செல்லவில்லை. அமெரிக்க மிஷனில் சேர்ந்தார். 1847-ல் கப்பல் ஏறி, பல மாதப் பயணத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க டாக்டர்கள் புதியவர்கள் அல்ல. 1820-லேயே டாக்டர் ஜான் ஸ்கட்டர் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கியிருந்தார். வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கட்டர் அம்மையார் இவருடைய பேத்திதான். ஸ்கட்டருக்குப் பிறகு டாக்டர் நேதன் வார்ட் வந்தார். அவர் விட்டுச்சென்ற வேலையைத்தான் கிரீன் எடுத்துக்கொண்டார். 1848-ல் மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கியது.

கடைசி நேரத்தில் வந்தவர்கள்

ஜனங்கள் உடனே வந்து குவிந்துவிடவில்லை. நோய் வந்தால் முதலில் நாட்டு வைத்தியர். பிறகு மந்திரம், நேர்த்திக்கடன். எல்லாம் கைவிட்ட பிறகுதான் மிஷன் ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டர் என்றால் கத்தி எடுப்பார் என்ற பயம் வேறு. உயர்ந்த சாதிக்காரர் மற்றவரோடு ஓர் இடத்தில் படுக்க மாட்டார். பெண்கள் ஆண் டாக்டரிடம் வரக் கூசினார்கள். பிரசவம் முழுவதும் மருத்துவச்சி கையில்தான்.

இதற்காக ஜனங்களை அறியாமைக்காரர்கள் என்று கிரீன் ஒதுக்கிவிடவில்லை. தெரிந்தவனிடம் போவது மனித சுபாவம். நாட்டு வைத்தியர் ஊர்க்காரர். நோயாளியின் பேச்சில் பேசுகிறவர். அவரைப்போலவே ஊரோடு ஒட்டிய புதிய வைத்தியர்களை உண்டாக்கினால் ஜனங்கள் தாமாக வருவார்கள் என்று கிரீன் கணக்குப் போட்டார்.

படித்தார்கள், பறந்தார்கள்

வந்த உடனேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார் கிரீன். அந்தக் காலத்தில் வட்டுக்கோட்டை செமினரி பெரிய கல்விக்கூடம். அங்கே படித்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஆகவே முதலில் இங்கிலீஷிலேயே பாடம் நடந்தது.

இதில் ஒரு சிக்கல் தோன்றியது. இங்கிலீஷில் படித்துத் தேறிய டாக்டருக்குச் சர்க்கார் உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளம். ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். எந்தக் கிராமத்துக்காக அவர்களைத் தயார் செய்தாரோ, அந்தக் கிராமத்தில் டாக்டர் இல்லை.

கிரீன் யோசித்தார். தமிழில் படித்தவன் தமிழ் ஊரில் தங்குவான். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் விளக்கிச் சொல்லுவான். அறிவு ஊரிலேயே வேர் விடும். ஆகவே டாக்டர் படிப்பு தமிழுக்கு வரவேண்டும் என்று முடிவு செய்தார்.

அதற்கு அவரே முதலில் தமிழ் கற்றார். 1852-ல் அங்காதிபாதமும் சுகரணமும் சொல்லும் தமிழ் நூல் வெளிவந்தது. உடம்பின் அமைப்பு அங்காதிபாதம். அது வேலை செய்யும் விதம் சுகரணம். 1857-ல் பிரசவ வைத்திய நூல் வந்தது. அதே ஆண்டில் கிரீன் அமெரிக்கா திரும்பினார். 1862-ல் மார்கரெட் அம்மையாரை மணந்துகொண்டு, அந்த ஆண்டே மனைவியுடன் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தார்.

1864-ல் தமிழ் வகுப்பு தொடங்கியது. பாடம் தமிழில், பரீட்சையும் தமிழில்.

வார்த்தை தேடிய டாக்டர்

வகுப்பு நடத்தப் புத்தகம் வேண்டும். புத்தகம் எழுத வார்த்தை வேண்டும். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் உண்டு. இங்கிலீஷ் டாக்டர்கள் புதிதாகக் கண்டுபிடித்தவற்றுக்குப் பெயர் எங்கே போவது?

கிரீன் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடு. கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் பார். அதிலும் இல்லையென்றால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. ரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

1867-ல் இரண வைத்தியம் வெளிவந்தது. அறுவைச் சிகிச்சையைச் சொல்லும் நூல் அது. 1872-ல் மனுஷ அங்காதிபாதம். உலகம் முழுவதும் டாக்டர் மாணவர்கள் இன்றும் படிக்கும் கிரே என்பவரின் உடற்கூற்று நூல்தான் அதற்கு மூலம். அதே ஆண்டில் வைத்தியாகரம். 1875-ல் கெமிஸ்தம். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்!

இது ஒருவர் செய்த வேலை அல்ல. டான்போர்த், சாப்மன், பால் போன்ற மாணவர்கள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். எல்லோரும் தமிழர்கள். மிஷனில் படித்தவர்கள் அமெரிக்கப் பெயர் வைத்துக்கொள்வது அந்தக்கால வழக்கம். பெயர் மாறினாலும் உடை மாறக் கூடாது என்பதில் கிரீன் பிடிவாதமாக இருந்தார். தம் மாணவர்கள் கால்சட்டை, தொப்பி போட்டு ஜனங்களிடமிருந்து விலகி நிற்பதை அவர் விரும்பவில்லை.

1866, 1867-ம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைக் காலரா தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஊர் ஊராகப் போய் ஜனங்களின் பேச்சிலேயே விளக்கிச் சொல்லும் வைத்தியர்களின் அருமை அப்போது தெரிந்தது.

எதிர்ப்பும் இருந்தது

கிரீன் வழியை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இலங்கைச் சர்க்கார் 1870-ல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கே இங்கிலீஷில்தான் பாடம். மாணவர்களுக்கும் இங்கிலீஷ்மீதே ஆசை. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம். தமிழ் படித்தால் ஊரோடு வாழ்க்கை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்கும் தகப்பன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

வைத்தியம் நாளுக்கு நாள் வளரும் சாஸ்திரம் என்பது இன்னொரு காரணம். அந்த நாட்களில்தான் நோய்க்குக் கிருமியே காரணம் என்ற உண்மை ஐரோப்பாவில் நிலைபெற்று வந்தது. புதிய கண்டுபிடிப்பு வரும்போதெல்லாம் தமிழ் நூலையும் திருத்தி அச்சிட வேண்டும். அதைத் தொடர்ந்து செய்ய ஆள் வேண்டும், பணம் வேண்டும். இந்தக் காரணத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

உடல்நலம் கெட்டு 1873-ல் கிரீன் ஊர் திரும்பினார். அதற்குள் அவரிடம் படித்துத் தேறியவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். அவர் போன பிறகு தமிழ் வகுப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை.

கிரீன் மட்டும் ஓயவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். உஸ்டருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போய் வந்தன. 1883-ல் மனுஷ சுகரணம் வெளியாயிற்று. நம் நாட்டு மருந்துச் சரக்குகளைச் சொல்லும் இந்து பதார்த்த சாரம் 1884-ல் வந்தது. அந்த ஆண்டு மே 28-ந் தேதி, பிறந்த வீட்டிலேயே கிரீன் காலமானார். வயது 61.

மானிப்பாயில் அவர் பெயரால் கிரீன் நினைவு ஆஸ்பத்திரி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கான இந்திப் பாடநூல்கள் 2022 அக்டோபரில் வெளியிடப்பட்டபோது நாடே பேசியது. தமிழில் டாக்டர் வகுப்பு தொடங்கி அப்போது 158 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தம் கல்லறையில் என்ன எழுதவேண்டும் என்பதையும் கிரீன் முன்பே சொல்லி வைத்திருந்தார். அவர் விருப்பப்படியே, தமிழர்களுக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்று அமெரிக்க மண்ணில் உள்ள அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.